படத்தில் நிற்பவள் பெயர் என்ன?

1910 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நார்த் பவ்னல் என்ற சிற்றூரின் பஞ்சாலைக்குள் ஒரு சிறுமி நூற்பு இயந்திரத்தின் மீது கையை ஊன்றியபடி கேமராவை நேருக்கு நேர் பார்த்து நிற்கிறாள். காலில் செருப்பில்லை. பாதங்களில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாக அப்பியிருக்கிறது. மேலே போட்டிருக்கும் தொளதொளத்த அங்கியில் கறை. முன்பக்கம் ஒரு பை. தலைமுடியைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள். ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் முடியைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்க்க முடியாது. கை, கழுத்து எல்லாம் எலும்பு தெரிகிற மெலிவு. இரத்தசோகை பிடித்த குட்டி நூற்பாளி என்றுதான் படம் எடுத்தவர் அவளைக் குறித்துவைத்தார்.

அவர் லூயிஸ் ஹைன். ஆலையிலிருந்த மற்றப் பெண்கள் அவளுக்குப் பத்து வயது என்றார்கள். அவளோ பன்னிரண்டு என்று ஹைனிடம் ஒப்புக்கொண்டாள். பள்ளி விடுமுறையில் வேலைக்கு வந்தவள், இனி இங்கேயே இருந்துவிடப்போவதாகவும் சொன்னாள். இவ்வளவையும் ஹைன் எழுதிக்கொண்டார். பெயரையும் எழுதினார்: ஆடி கார்ட்.

குழந்தை உழைப்புக்கு எதிரான பிரசுரங்களிலும் கண்காட்சிகளிலும் பாடநூல்களிலும் அந்தப் படம் நூறாண்டாகச் சுற்றிவருகிறது. 1998இல் அமெரிக்க அஞ்சல்துறை இருபதாம் நூற்றாண்டைப் பத்துப் பத்து ஆண்டுகளாக நினைவுகூர்ந்து வெளியிட்ட அஞ்சல்தலைகளில் 1910களுக்கான வரிசையில் அவள் 32 சென்ட் அஞ்சல்தலையாக வந்தாள். அப்போது உலகம் அவளை அறிந்த பெயர் ஆடி லேர்ட். கையெழுத்துக் குறிப்பை யாரோ தவறாகப் படித்ததில் கார்ட் லேர்டாகிவிட்டது. லேர்ட் என்ற பெயரில் அவளைத் தேடிப் போனவர்களுக்கு நார்த் பவ்னலில் அப்படி ஒருத்தி இருந்த தடயமே கிடைக்கவில்லை. நாடு முழுவதற்கும் தெரிந்த முகம். ஆனால் ஆள் யாரென்று தெரியாது.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்டிருப்பது அப்படிப்பட்ட முகங்களுக்கு உரியவர்களைத் தேடிக் கண்டுபிடித்த வேலையைப் பற்றி. அது பழங்கதை ஆர்வலரின் பொழுதுபோக்கு அன்று. ஒரு குழந்தையின் முகத்தை ஒரு நாடு தன் சட்டத்தைத் திருத்திக்கொள்ளப் பயன்படுத்தியிருக்கிறது என்றால், அந்தக் குழந்தை அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று கேட்கும் கடமையும் அந்த நாட்டுக்கு உண்டு. அந்தக் கேள்வியை அரசு கேட்கவில்லை. பெரும்பாலும் தனிமனிதர்கள்தான் கேட்டார்கள்.

முதலில் ஹைன். 1874இல் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் பிறந்தவர். நியூயார்க்கில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது வகுப்புத் தேவைக்காகக் கேமராவைக் கையில் எடுத்தார். எல்லிஸ் தீவில் வந்திறங்கிய குடியேறிகளைப் படம் பிடித்தார். 1904இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு 1908இல் அவரை முழுநேரப் புகைப்படக்காரராக எடுத்துக்கொண்டது. அன்றைய நிலவரம் அக்குழுவுக்கு நன்றாகத் தெரியும். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 10 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களில் 17 இலட்சத்து 50 ஆயிரம் பேர் கூலிக்கோ வேறு வகையிலோ உழைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணைக் கேட்டு யாரும் அசையவில்லை. முகம் தேவைப்பட்டது.

ஆலைக்குள் போவது எளிதாக இல்லை. தீயணைப்புச் சோதகர், பைபிள் விற்பவர், அஞ்சலட்டை வியாபாரி, இயந்திரங்களைப் படம் எடுக்க வந்த ஆள் என்று ஹைன் பல வேடம் போட்டார். பெட்டிக் கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், வெளிச்சத்துக்குக் கொளுத்த மக்னீசியத் தூள் என ஒரு மூட்டையே உடன் போனது. கேமராவைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்கி வைத்துப் படம் எடுத்தார். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் நம்மை நிமிர்ந்து பார்க்காமல் நேராகப் பார்க்கிறார்கள்.

வயதை மட்டும் நேரடியாகக் கேட்டுப் பயனில்லை. குழந்தைகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து வைத்திருந்தார்கள். ஆகவே ஹைன் உயரத்தை அளந்தார். தன் சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருக்கின்றன என்பது அவருக்கு மனப்பாடம். சிறுவனோ சிறுமியோ பக்கத்தில் வந்து நிற்கும்போது தலை எந்தப் பொத்தான்வரை வருகிறது என்று பார்த்துக்கொள்வார். கை கோட்டுப் பைக்குள் இருக்கும். அங்கேயே, பார்க்காமலே, தாளில் குறித்துக்கொள்வார். 1908 நவம்பரில் தென் கரோலினாவின் லங்காஸ்டர் ஆலையில் எடுத்த சேடி பைஃபர் 48 அங்குலம், அதாவது சரியாக நான்கடி. ஆலையில் அரை வருட வேலை. அடுத்த மாதம் வட கரோலினாவின் விட்னல் ஆலையில் எடுத்த சிறுமி 51 அங்குலம். வேலைக்கு வந்து ஒரு வருடம், சில நாள் இராத்திரி வேலையும் உண்டு, நாளைக்கு 48 சென்ட் கூலி. வயதைக் கேட்டபோது தயங்கி, நினைவில்லை என்றாள். பிறகு இரகசியமாக, வேலை செய்கிற வயது தனக்கு வரவில்லை, இருந்தாலும் செய்கிறேன் என்றாள்.

இந்தக் குறிப்புகளை ஹைன் ஏன் இவ்வளவு கவனமாக எழுதினார்? எதிரே நின்றவர்கள் அப்படி. ஆலை முதலாளிகளும் அவர்களுக்கு ஆதரவாக எழுதியவர்களும் குழந்தை உழைப்புப் பேச்சையே கட்டுக்கதை என்றார்கள். அரசின் விசாரணையில் பணியாற்றிய தாமஸ் டாலி என்பவர், மலைக்குடிசையில் கிடந்து வாடுவதைவிட ஆலைக்கு வருவதே பிள்ளைகளுக்கு நல்லது என்று 1912இல் ஒரு புத்தகமே எழுதினார். அவரும் புகைப்படங்களைத்தான் சான்று காட்டினார். படத்துக்குப் படம் பதில் வந்த சண்டையில் ஊர், ஆலை, தேதி, பெயர், வயது, கூலி ஆகிய குறிப்புகள்தான் ஹைன் பக்கம் நின்றன. தன் படங்களில் திருத்தமோ போலியோ இல்லை என்பதை அவர் விடாப்பிடியாகச் சொல்லிவந்தார். அன்று எதிராளியின் வாயை அடைக்க எழுதிய அந்தக் குறிப்புகள்தான் நூறாண்டு கழித்து அந்தப் பிள்ளைகளின் வீட்டு வாசல்வரை ஆய்வாளர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஆலையில் அந்தப் பிள்ளைகள் என்ன வேலை செய்தார்கள் என்பது கோவைப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்காமலே புரியும். ரிங் ஃபிரேம் இயந்திரத்தின் இரண்டு பக்கத்திலும் கதிர்கள் வரிசையாகச் சுழலும். ஒரு பக்கம் ஒரு சைடு. இழை அறுந்தால் ஓடிப்போய்ப் பிணைக்க வேண்டும். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் சிறுமிகள். விட்னல் சிறுமி நான்கு சைடு பார்த்தாள் என்று ஹைன் எழுதியிருக்கிறார். நம்மூர் மில்லில் அவளைச் சைடர் என்பார்கள். நூல் நிறைந்த பாபினைக் கழற்றிவிட்டு வெறும் பாபினைச் செருகுகிற டாஃபர் வேலை சிறுவர்களுக்கு. ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்துப் பிப் ஆலையில் 1909 ஜனவரியில் எடுத்த படத்தில் இரண்டு பொடியன்கள் ஓடுகிற இயந்திரத்தின் மேலேயே வெறுங்காலோடு ஏறி நிற்கிறார்கள். கீழே நின்றால் கை எட்டாது. அப்படி ஏறித்தான் அறுந்த இழையைக் கட்டினார்கள், காலி பாபினை மாட்டினார்கள்.

அதே காலத்தில் இந்தியாவில் நடப்பிலிருந்த 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 9 வயது ஆனவர்களை ஆலைக்குள் அனுமதித்தது. அதை 12ஆக உயர்த்த 1922வரை ஆனது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு ஹைன் வாய்க்கவில்லை.

இனி ஆடி கார்டிடம் திரும்பலாம். எலிசபெத் வின்த்ராப் என்ற எழுத்தாளர் அந்தப் படத்தைப் பார்த்து, அதன் தூண்டுதலில் இளைஞர்களுக்காக ஒரு நாவல் எழுதினார், 2006இல் வெளிவந்தது. நாவலில் வரும் சிறுமி கற்பனை. எழுதி முடித்த பிறகும் படத்திலிருந்த உண்மைச் சிறுமி அவரை விடவில்லை. லேர்ட் என்று தேடி ஒன்றும் அகப்படாமல், 1910ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அந்த ஊருக்கான பக்கங்களையே எடுத்து வீடு வீடாகப் படித்துக்கொண்டு போனார். பாட்டி ஒருத்தி தலைமையில் இருந்த வீட்டில், பேரப்பிள்ளைகள் பட்டியலில், அக்காவோடு சேர்ந்து இருந்தது அந்தப் பெயர்: ஆடி கார்ட்.

பெயர் சரியானதும் மற்றவை ஒவ்வொன்றாகக் கிடைத்தன. அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் பாட்டி வளர்த்தாள். ஆடி ஆலையில் வேலை செய்த ஒருவரை மணந்தாள். பிறகு தடயம் அறுந்துபோயிற்று. அந்தக் கட்டத்தில்தான் வின்த்ராப், மாசசூசெட்ஸில் வாழ்ந்த ஜோ மானிங்கிடம் வேலையை ஒப்படைத்தார். மானிங் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பழைய ஆலை நகரமான நார்த் ஆடம்ஸைப் பற்றி எழுதியவர். அவர் ஆடியின் கல்லறையையும் வழிவந்தவர்களையும் கண்டுபிடித்துவிட்டார்.

ஆடியின் முதல் மணவாழ்க்கை முறிந்தது. பெற்ற மகள் அவர் பொறுப்பிலிருந்து போனாள். மறுமணம் செய்துகொண்டார். ஒரு குழந்தையை எடுத்து வளர்த்தார். கடைசிக் காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் கோஹோஸில் இருந்தார். அதுவும் ஒரு பழைய ஆலை நகரம்தான். குடும்பத்தில் யாருக்கும் அவர் ஆடி இல்லை, பேட் பாட்டி. 1993இல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் இறந்தார். கையில் காசு இருந்த வாழ்க்கை இல்லை, ஆனால் பாட்டியின் பாசத்தைப் பற்றிப் பேசப் பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாண்டு கழித்து வெளிவந்த அஞ்சல்தலை அவருக்குத் தெரியாது. தன் முகம் ஒரு நாட்டின் பாடநூலில் இருப்பதும் தெரியாது.

இரத்தசோகை பிடித்த குட்டி நூற்பாளி என்று எழுதப்பட்டவர் இரண்டு உலகப்போரையும் தாண்டி வாழ்ந்திருக்கிறார். அதனால் ஆலை அவருக்குத் தீங்கு செய்யவில்லை என்று யாரும் வாதிட முடியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அவர் ரிங் ஃபிரேம் பக்கத்தில் நின்றார் என்பது எந்த நீண்ட ஆயுளாலும் ஈடாகாதது. ஆனால் படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் என்றென்றும் பாதிக்கப்பட்ட ஒரு சிறுமிதான். பெயர் கிடைத்த பிறகே அவர் மனைவியாக, மகளை இழந்த தாயாக, இன்னொரு குழந்தைக்குத் தாயாக, பாட்டியாக ஆனார். அந்த முழு ஆளை அந்த ஒற்றைப் படத்திடமிருந்து மீட்டதுதான் இந்தத் தேடலின் பெரிய பயன்.

மானிங் ஆடியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2005இல் தொடங்கிய தேடலை ஆண்டுக்கணக்கில் நடத்தி, ஹைன் படங்களில் இருக்கும் 350க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பிற்கால வாழ்க்கையைத் தொகுத்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் குழந்தைத் தொழிலாளர் குழு 1954இல் ஒப்படைத்த தொகுப்பில் 5,100க்கும் அதிகமான அச்சுப்படங்களும் 355 கண்ணாடி நெகட்டிவ்களும் இருக்கின்றன. அந்தக் குவியலிலிருந்து ஒரு படத்தை எடுத்து, அதில் நிற்கிற பிள்ளையின் பேரனைத் தொலைபேசியில் பிடிக்கும்வரை போவது எப்படி?

முதல் துணை மக்கள்தொகைக் கணக்கு. அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்களை 72 ஆண்டுகள் பூட்டிவைத்துத்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். 1910ஆம் ஆண்டுத் தாள்கள் 1982இல் திறக்கப்பட்டன. அதற்கு முன்னால் யாராவது ஆடியைத் தேடியிருந்தால் அந்தப் பாட்டி வீட்டுப் பக்கம் கண்ணில் பட்டிருக்காது. வீட்டிலுள்ளவர் பெயர், உறவு, வயது, தொழில், படிக்கத் தெரியுமா, தாய்க்குப் பிறந்த பிள்ளை எத்தனை, உயிரோடிருப்பது எத்தனை என்றெல்லாம் அதில் இருக்கும். ஹைன் படம் எடுத்த ஆண்டுக்கும் கணக்கெடுத்த ஆண்டுக்கும் இடைவெளி குறைவு என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிறப்புச் சான்றிதழை நம்ப முடியாது. வட கரோலினாவில் மாநில அளவில் பிறப்புப் பதிவு தொடங்கியது 1913இல், தென் கரோலினாவில் 1915இல், ஜார்ஜியாவில் 1919இல். ஹைன் அங்கே போனபோது அந்தப் பிள்ளைகளின் வயதுக்குப் பெற்றோர் சொல்லைத் தவிர வேறு பத்திரமே இல்லை. ஆலை முதலாளிக்கு அது வசதியாக இருந்தது.

இடறல்கள் பல. ஹைன் பெயரைக் காதால் கேட்டு எழுதினார். நியூ இங்கிலாந்து ஆலைகளில் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் நிறைய. அவர்கள் சொன்ன பெயர் ஆங்கிலக் காதுக்கு வேறாகக் கேட்டது. அவர்களில் பலர் பின்னாளில் பெயரையே ஆங்கிலமாக்கிக்கொண்டார்கள். லெப்ளாங்க் குடும்பம் ஒயிட் குடும்பமாகிவிடும். தெற்கத்திக் குடும்பங்கள் ஓர் ஆலை விட்டு இன்னோர் ஆலைக்குப் பெயர்ந்துகொண்டே இருந்தன. ஆலை வாசலில் இருபது பேர் நிற்கிற படத்துக்குக் கீழே இரண்டு மூன்று பெயர் மட்டுமே இருக்கும். அவர்கள் அதில் யார் என்று இருக்காது. எல்லாவற்றையும்விடக் கடினம் சிறுமிகள். கல்யாணமானதும் குடும்பப் பெயர் மாறிவிடும். மறுமணமானால் இன்னொரு முறை மாறும். ஆலையில் பாதிக்கு மேல் உழைத்தவர்களாக அவர்கள் இருந்த ஊர்களிலும், காகிதத்தில் தொலைந்துபோவது அவர்கள்தான்.

எனவே திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, நகரத்து முகவரி நூல், கல்லறைக் கல், நாளிதழின் இரங்கல் செய்தி எல்லாம் வேண்டியிருந்தது. இரங்கல் செய்தியில் உயிரோடிருக்கும் மகள், பேரன் பெயர்கள் இருக்கும். அங்கிருந்து தொலைபேசி. ஒன்றும் பலிக்காதபோது மானிங் அந்தந்த ஊர் நாளிதழிடம் படத்தைக் கொடுத்து, இந்தப் பிள்ளையை யாருக்காவது தெரியுமா என்று அச்சிடச் சொன்னார். பலர் அப்படித்தான் கிடைத்தார்கள். தொலைபேசியை எடுத்த பிள்ளைகளும் பேரன்களும் பெரும்பாலும் அந்தப் படத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சிலரிடம் அந்த வயதில் எடுத்த வேறு எந்தப் படமும் இல்லை. ஆலைக் குடும்பத்துக்குப் படம் எடுத்து வைக்க வசதி ஏது?

ஜார்ஜியாவின் டிஃப்டன் ஊரில் 1909 ஜனவரி 22ஆம் தேதி எடுத்த படத்தை மட்டும் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கேத்தரின் யங் என்ற கைம்பெண், தன் பிள்ளைகள் ஒன்பது பேரோடு நிற்கிறார். உயரவாரியாகப் பிள்ளைகள், கடைக்குட்டிவரை. குறிப்பு விரிவானது. கணவர் பதினொரு பிள்ளைகளோடு விட்டுப் போய்ச் சேர்ந்தார். இரண்டு பேர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன் பண்ணையை விட்டு ஆலைக்கு வந்தார்கள். அம்மாவுக்கு வாரம் நாலரை டாலர். வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து நாலரை டாலர். சின்னவர்கள் நான்கு பேர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. ஜார்ஜியாவின் 1906ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயதுக்குட்பட்டவர்களைத் தடுத்தது. ஆனால் அநாதைக்கும் கைம்பெண்ணின் பிள்ளைக்கும் 10 வயதிலேயே வழிவிட்டது. மிக ஏழையான வீட்டுக் கதவைத்தான் அந்த விலக்கு தட்டியது.

குறிப்பு அத்தோடு முடிகிறது. மானிங்கின் தேடல் அதற்கு அப்பால் போனது. படம் எடுத்த சில மாதங்களுக்குள் அந்தத் தாய் ஏழு பிள்ளைகளை அநாதை இல்லத்தில் சேர்த்துவிட்டார். எல்லாரும் சேர்ந்து உழைத்தும் பசி தீரவில்லை. குடும்பம் ஒன்றாக நின்ற கடைசி நாட்களை ஹைன் படம் பிடித்திருந்தார். அது அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. குழந்தை உழைப்பு ஏழைக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறது என்று அன்று அடித்துப் பேசியவர்களுக்கு இதைவிட உறுதியான மறுப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. ஆனால் அது அவர்கள் காலத்தில் வெளிவரவில்லை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 14 வயதுக்குட்பட்டவர்கள் வேலை செய்த ஆலையின் சரக்கு மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்ற கீட்டிங்–ஓவன் சட்டம் 1916இல் நிறைவேறியது. வட கரோலினாவின் சார்லட்டில் பஞ்சாலைத் தொழிலாளி ரோலண்ட் டேகன்ஹார்ட்டை முன்னிறுத்தி, அவருடைய இரண்டு மகன்கள் ஆலையில் உழைக்கும் உரிமைக்காக வழக்குப் போட்டார்கள். 1918இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. மகன்களில் ஒருவரான ரூபனைச் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பத்திரிகையாளர் தேடிப் பிடித்தார். வளர்ந்த ஆளான ரூபனின் எடை 105 பவுண்டு, நம் கணக்கில் 48 கிலோ. ஆலை தன் வளர்ச்சியைக் குன்றவைத்தது, படிப்பும் இல்லை என்றார். வென்ற வழக்கில் தனக்குக் கிடைத்தது கார் சவாரியும் ஒரு குளிர்பானமும்தான் என்றார். குழந்தை உழைப்பை நிலையாகக் கட்டுப்படுத்திய நியாயத் தொழில் தரச் சட்டம் 1938இல் வந்தது. 1941இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று, 1918ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் கைவிட்டது. ஹைன் அதற்கு முந்தைய ஆண்டே வறுமையில் இறந்துவிட்டார்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியும் உண்டு. ஆடியிடமோ சேடியிடமோ, உன் பெயரையும் வயதையும் ஊரறியப் போடட்டுமா என்று யாரும் அனுமதி கேட்கவில்லை. இன்றைய இந்தியாவில் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடத் தடைவிதிக்கிறது. அது நியாயமான தடை. மீட்கப்பட்ட ஒரு சிறுமி நாளை அதே தெருவில்தான் வாழ வேண்டும். ஆனால் வெளியிடாமல் இருப்பது ஒன்று, பதிந்தே வைக்காமல் இருப்பது வேறொன்று. முகத்தை மங்கலாக்கி அச்சிடுகிற இதழோ அமைப்போ அந்தக் குழந்தையின் பெயரையும் ஊரையும் தேதியையும் கூலியையும் தன் பூட்டிய கோப்பில் எழுதிவைக்க வேண்டும். அமெரிக்கக் கணக்கெடுப்புக்கு 72 ஆண்டுப் பூட்டு இருப்பதுபோல இதற்கும் ஒரு காலக்கெடு வைக்கலாம். எழுதாமல் விட்டால், பின்னாளில் அந்தக் குழந்தையே வளர்ந்து வந்து தன் கூலிக்கும் இழந்த படிப்புக்கும் கணக்குக் கேட்டாலும் காட்டச் சான்று இருக்காது.

தேடல் இன்னும் முடியவில்லை. நாடாளுமன்ற நூலகம் ஹைன் படங்களைக் கணினியில் ஏற்றி எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மானிங் போன்றவர்கள் கண்டுபிடித்த விவரங்கள் சில படங்களின் குறிப்பில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புத் தாள்கள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. 1909இல் பத்து வயதாக இருந்தவர்கள் அந்தத் தாள்களில் ஐம்பதைக் கடந்தவர்கள். மறுமணம் செய்துகொண்ட பெண்கள் அந்தப் புதிய பெயரில் கிடைப்பார்கள். 1960ஆம் ஆண்டுத் தாள்கள் 2032இல் வரும்.